வராகம் வணக்கத்திற்கு, போர்க்கு விருந்திற்கு, பன்றி வசைக்கா?

மதுரையிற் புதிதாகத் தோன்றியுள்ள குளிர்பதன உணவகங்கள் சிலவற்றுட் சென்று அமர்ந்தால், தடித்த அட்டையில் அச்சிட்ட உணவுப் பட்டியல் ஒன்று கையிற் கொடுக்கப்படுகிறது. அதில் 'மேரினேட்டட் போர்க்கு' என்றும், 'ஓவன் ரோசுட்டு' என்றும், 'பார்பிக்யூ' என்றும் வரிசையாக எழுதியிருக்கும். சொல்லும் ஆங்கிலம், எழுத்தும் ஆங்கிலம். அமர்ந்திருப்பவர் தமிழர், கொண்டுவந்து வைப்பவர் தமிழர், அடுப்படியில் வியர்த்து நிற்பவரும் தமிழரே. உண்பவரை அணுகி, "ஐயா, பன்றிக்கறி சுவையாக இருக்கிறதா?" என்று தூய தமிழிற் கேட்டுப் பாருங்கள். அவர் முகம் சுளிக்கும். தாம் உண்பது போர்க்கு என்பார்; பன்றிக்கறி என்று ஒப்பமாட்டார்.

அதே நாழிகையில் நகரின் ஓரத்தே, தகரக் கொட்டகையின்கீழ், புளியமரக் கட்டையின்மேல் வைத்துப் பன்றிக்கறி வெட்டி விற்கும் எளிய குடியினர் இருக்கின்றனர். அவரிடம் வாங்க வருவோர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, 'மூலத்திற்கு மருந்து' என்று தாமாகவே ஏது சொல்லி, கறுப்புப் பையில் மறைத்து எடுத்துச் செல்கின்றனர். ஆட்டுக்கறி வாங்குவோர் எவரேனும் இங்ஙனம் மருந்து என்று சொல்வதுண்டா? விலங்கு ஒன்று, இறைச்சி ஒன்று, உண்ணும் வாயும் ஒன்று. குளிர்பதன அறையிற் பெருமையாயிருப்பது தகரக் கொட்டகையில் இழிவாய்ப் போவதற்குக் கரணியம் என்னை? பெயரே என்க.

இக்கொடுமைக்கு மூன்றாம் பக்கமும் ஒன்றுண்டு. இதே விலங்கை வடசொல்லால் வராகம் என்றுவிட்டால், கூப்பிய கைகள் தலைக்கு மேலே செல்கின்றன. திருமாலின் தோற்றரவு பத்தனுள் ஒன்றாக அது கோயில்தோறும் கல்லில் நிற்கிறது. விசயநகர வேந்தர் காலத்துப் பொற்காசு பன்றி முத்திரையால் வராகன் எனப் பெயர்பெற்று, மதுரை நாயக்கர் நாட்டிலும் செல்வத்தின் அளவுகோலாய் வழங்கிற்று. ஆக, வடமொழியிற் பெயர் சொன்னால் கடவுளும் காசும். ஆங்கிலத்திற் சொன்னால் விருந்து. தமிழிற் சொன்னால் மட்டும் வசைச்சொல். தெருவில் இருவர் சண்டையிட்டால் ஒருவரையொருவர் வராகமே என்று திட்டிக்கொள்வதில்லை. போர்க்கே என்றும் திட்டிக்கொள்வதில்லை. திட்டுவதற்குத் தமிழ், தொழுவதற்கு வடமொழி, உண்பதற்கு ஆங்கிலம் என்று முப்பாற் பிரிவினை செய்து வைத்திருக்கும் இனம் உலகில் வேறெங்கேனும் உண்டா?

ஆங்கிலச் சொல்லைப் பெருமையென்று நாவில் ஏற்றுவோர் அச்சொல்லின் வரலாற்றையாவது அறிந்திருத்தல் வேண்டும். கி.பி. 1066-இல் நார்மானியர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றனர். வென்றவர் பேசியது பிரெஞ்சு. தோற்ற சாக்சானியர் பேசியது பழைய ஆங்கிலம். தொழுவத்திற் பன்றியை வளர்த்து, சேற்றில் நின்று, மேய்த்துக் காத்தவன் தோற்றவன். ஆகலின் உயிரோடிருந்த வரையில் விலங்கிற்கு அவன் மொழியிலேயே பெயர் வழங்கிற்று. அது வெந்து மேசைக்கு வந்தவுடன் உண்டவன் வென்றவன். ஆகலின் இறைச்சிக்கு அவனது பிரெஞ்சுப் பெயராகிய போர்க்கு ஏறிக்கொண்டது. வால்ட்டர் இசுக்காட்டு என்னும் புதின ஆசிரியர் 1819-இன் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்கோ'வில், பன்றி மேய்ப்பன் ஒருவனும் கோமாளி ஒருவனும் பேசிக்கொள்வதாக இவ்வுண்மையை நகைச்சுவையோடு எடுத்துக் காட்டியுள்ளார். எனவே போர்க்கு என்பது ஆங்கிலேயனே அடிமைப்பட்டிருந்தபோது அவன் நாவில் விழுந்த தழும்பு. அத்தழும்பை அணிகலன் என்றெண்ணித் தமிழன் தன் நாவிற் குத்திக்கொள்கிறான். அடிமைக்கு அடிமையாவதில் இத்துணை ஆர்வமா?

இனி, பன்றியிறைச்சி வெள்ளைக்காரன் கொண்டுவந்த உணவு என்று கருதுவாரும் உளர். அவர் சற்றே பின்னோக்கிப் பார்ப்பாராக.

மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கல் தொலைவிற்கும் குறைவாக உள்ள கீழடியில் 2014-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில், பானையோடும் எழுத்தும் மட்டுமல்ல, விலங்கெலும்புகளும் கிடைத்தன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை அவற்றுள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு காட்டுப்பன்றியையும் குறிக்கிறது. வைகைக் கரைத் தமிழனுக்கு அவ்விலங்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைமையான அண்டையயல் என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கியமோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும்போது, இருளைத் துண்டித்தாற் போன்ற கரிய பன்றி வழியிற் கிடைக்குமாயின், உலர்ந்த மூங்கில்கள் உராய்ந்து எழுந்த காட்டுத்தீயில் அதன் மயிரை வதக்கி, புகைநாற்றம் ஏறாதபடி சமைத்து உண்ணுமாறு அறிவுரை கூறுகிறார். புகைநாற்றம் ஏறாதபடி என்னும் அந்த ஒரு நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். பன்றிக்கொழுப்பு பிற இறைச்சியினும் விரைவாகப் புகையை ஈர்த்துக்கொள்ளும் என்பதைச் சமைத்துப் பழகியவரன்றி எவரும் சொல்லவியலாது. இன்றும் பாண்டிநாட்டுச் சிற்றூர்களில் வைக்கோலோ பனையோலையோ கொளுத்தி மயிர் வதக்கி, மஞ்சள் பூசி, கத்தியாற் சுரண்டிக் கழுவும் முறை, நன்னன் மலையடியில் நடந்ததன் தொடர்ச்சியே.

பெரும்பாணாற்றுப்படை இன்னொரு படி மேலே செல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையன் நாட்டுக் கடற்கரைப் பட்டினத்தில், கள் சமைக்கும் மகளிர் வீட்டு ஆண்பன்றியைப் பற்றிப் பாடுகிறார். அப்பன்றியை அலையவிடாமற் குழியில் நிறுத்தி, மாவூட்டி, பெண்பன்றியோடு சேரவிடாமற் பலநாள் காத்து, கொழுப்பேற்றி, அதன் கொழுத்த தசையைக் கள்ளோடு விருந்தினர்க்குப் படைப்பார்களாம். இக்காலத்துக் கால்நடைக் கல்லூரிகளில், கொழுப்பேற்ற விழையும் பன்றியை அடைத்து வளர்க்க வேண்டும், மாவுணவு தரவேண்டும், ஆண்மணம் இறைச்சியில் ஏறாமற் காக்கவேண்டும் என்று கற்பிப்பதன் சாரம் முழுதும் அதில் அடங்கிக் கிடக்கிறது. இறைச்சி சாறுடையதாய் இருக்க வேண்டுமாயின் அடுப்பில் மட்டும் வேலை செய்தாற் போதாது. வளர்ப்பிலேயே தொடங்கவேண்டும் என்பதை அந்த மகளிர் அறிந்திருந்தனர்.

தொல்காப்பிய மரபியலைப் புரட்டுக. பன்றியின் குட்டிக்குக் குருளை என்று பெயர். பெண்ணிற்குப் பிணவு என்று பெயர். ஆணுக்கோ யானைக்குரிய களிறு என்னும் பெயரையே வழங்கலாம் என்று இசைவு தருகிறார் தொல்காப்பியர். பெண்பன்றிக்குப் பாட்டி என்றும் ஒரு பெயர் உண்டு. (இதை வகுப்பிற் சொன்னால் மாணவர் சிரிப்பர், சிரித்தாலும் மறவார்.) கேழல், ஏனம், ஒருத்தல் என்று விரியும் இப்பெயர்ச் செல்வத்தில் ஒன்றிலாவது இழிவுக் குறிப்பு உண்டா? பழைய உரைகாரர் எண்ணும் கொடுந்தமிழ் நாடு பன்னிரண்டனுள் ஒன்றிற்குப் பன்றிநாடு என்றே பெயர். இழிந்த பெயராயின் ஒரு நாட்டிற்கு இடுவரோ?

மதுரைக்கே உரிய கதையும் உண்டு. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், வேட்டையில் தாயும் தந்தையும் மாண்டுபோகப் பசியால் அலறிய பன்றிக்குட்டிகள் பன்னிரண்டிற்கு, ஆலவாய் இறைவன் தானே தாய்ப்பன்றி வடிவெடுத்து வந்து முலையூட்டியதாகவும், பின்னர் அவற்றையே பாண்டியனுக்கு அமைச்சராக்கியதாகவும் இரண்டு படலங்கள் உள. கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. ஆனால் மீனாட்சி கோயிலுக்கு நாள்தோறும் செல்லும் மதுரையார், தம் இறைவன் கூசாமல் எடுத்த வடிவத்தின் பெயரைச் சொல்ல மட்டும் கூசுவது எந்த வகை இறைப்பற்று?

கண்ணப்பர் கதையை அறியாத சிவநெறியார் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திண்ணன் என்னும் வேட்டுவ இளைஞன் தான் வீழ்த்திய பன்றியின் நல்ல தசைகளைத் தேர்ந்து, தீயிற் பதமாகச் சுட்டு, வெந்ததா என்று நாவிற் சுவைத்துப் பார்த்து, தேக்கிலைக் கலத்தில் ஏந்திக் காளத்தி மலைமேல் இறைவனுக்குப் படைக்கிறான். அடுத்து வந்த நாளில் கோலிற் கோத்துக் காய்ச்சிய இறைச்சியிலே தேனும் பிழிந்து கலக்கிறான். பூசை செய்யும் சிவகோசரியார் அங்கே எலும்பும் ஊனும் கண்டு பதறி, அலகிட்டுத் தூய்மை செய்கிறார். இறைவனோ அவர் கனவில் தோன்றி, வேடன் செயல் யாவும் தமக்கு இனியன என்கிறான். தேன் கலந்த சுட்ட பன்றியிறைச்சியை இன்று 'அனி கிளேசுடு போர்க்கு' என்று அமெரிக்க அடுக்களை நூல் எழுதினால் வாய்பிளந்து படிக்கிறவன், தன் திருமுறையிலே அது இருப்பதை அறியான்.

அப்படியாயின் இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? மேற்குலத்தார் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோர் உணவை வைத்து மாந்தரைத் தரம் பிரித்தனர். தரத்தின் அடியில் தள்ளப்பட்டோர் வளர்த்த விலங்கும் அவர்களோடு சேர்த்துத் தள்ளப்பட்டது. இவ்விழிவு எத்துணை வலியதாய் இருந்தது என்பதற்கு மதுரை நகரமே சான்று. 1606-இல் இத்தாலிய நாட்டுக் கிறித்தவத் துறவி இராபர்ட்டு தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்னரே அங்குப் பணியாற்றிய போர்த்துக்கீசியரை மக்கள் ஊனும் கள்ளும் உண்ணும் பரங்கியர் என்று ஒதுக்கி வைத்திருந்ததைக் கண்டார். உடனே ஊனுணவை விட்டார்; காவி உடுத்தார்; தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார்; பிராமணச் சமையலர் ஆக்கிய மரக்கறி உணவையே உண்டார். மேல்தட்டில் இடம்பெறுவதற்காக ஐரோப்பியன் அன்று தன் உணவை மறைத்தான். மேல்தட்டில் இடம்பெறுவதற்காகத் தமிழன் இன்று அவ்வுணவை ஐரோப்பியப் பெயரால் உண்கிறான். நானூறு ஆண்டில் தட்டு மாறிற்று, கூச்சம் மாறவில்லை.

இங்கே மூன்று தடைகள் எழக்கூடும்.

புலால் மறுத்தலை வள்ளுவர் அறமாக வகுத்தாரே, தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகளும் ஊனுண்ணாதவரன்றோ என்பது ஒன்று. உண்மையே. உயிர்க்கொலைக்கு அஞ்சி எல்லா ஊனையும் விலக்குவோர் போற்றத்தக்கவர். அவர்க்கு இக்கட்டுரையில் ஒரு சொல்லும் எதிராக இல்லை. ஆனால் ஆட்டையும் கோழியையும் மீனையும் கிழமைதோறும் தின்றுவிட்டுப் பன்றி என்றவுடன் மட்டும் மூக்கைப் பொத்துவோர், வள்ளுவரைத் துணைக்கழைக்க உரிமையுடையவரல்லர். இசுலாமியத் தமிழர் தம் சமயக் கட்டளையால் இவ்வூனை விலக்குகின்றனர். அது அவர்தம் நெறி. அதில் தலையிட எவர்க்கும் உரிமையில்லை. விலக்குதல் வேறு, இழித்தல் வேறு.

மற்றொன்று, பன்றி அழுக்குத் தின்னும், நோய் தரும் என்பது. இதில் உண்மை ஒரு கூறு உண்டு, மறைக்கலாகாது. சாக்கடையில் அலையும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் இருத்தல் கூடும். வேகாத இறைச்சியை உண்டால் அப்புழு குடலிற் குடியேறும். அப்புழுவுடையார் மலத்தின் வழியாக அதன் முட்டைகள் நீரிலும் பச்சைக் காய்கறியிலும் கலந்து, பன்றியையே தொடாதவர் வயிற்றிலும் புகுந்து, மூளையில் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும். ஆகவே குற்றம் பன்றியினுடையதன்று. மாந்தன் கழிப்பறை கட்டாத குற்றம். கொட்டகையில் அடைத்து, தூய தீனியிட்டு வளர்க்கும் வெண்பன்றிப் பண்ணைகள் தமிழ்நாட்டிற் பல உள. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் இதற்கென ஆராய்ச்சியும் பயிற்சியும் நடத்துகிறது. அரசே கற்றுக்கொடுக்கும் தொழிலை ஊரே இழித்துரைப்பது என்ன முறை? மேலும், பண்ணைகள் பலவற்றிற்குத் தீனி எங்கிருந்து வருகிறது? உணவகங்களின் மிச்சிலிலிருந்து. உணவகத்தின் மிச்சிலைத் தின்று ஊரைத் தூய்மை செய்வது பன்றி. அவ்வுணவகத்தின் பட்டியலில் தன் பெயரோடு ஏற இடமில்லாததும் பன்றி.

மூன்றாவது தடையே இவ்விதழ் படிப்போர்க்கு முதன்மையானது. 'மேரினேட், ஓவன், சூசி என்பவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல முடியுமா? சொன்னாற் சமையல் நடக்குமா?' என்று படித்தவர்களே கேட்கின்றனர்.

மேரினேட் என்பதன் வேர், கடலைக் குறிக்கும் இலத்தீன் சொல். உப்புநீரில் இட்டு வைத்தல் என்பதே அதன் முதற்பொருள், அவ்வளவுதான். தமிழில் ஊறு என்னும் வேர் இதனினும் ஆழமானது. ஊற்று, ஊறல், ஊறுகாய் என்று எத்தனை கிளை! நீர் உள்ளிருந்து சுரத்தலும், வெளியிலிருந்து உட்புகுதலும் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல் குறிக்கிறது. உப்பிட்ட இறைச்சியில் நிகழ்வதும் இவ்விரண்டுமே: முதலில் உள்நீர் வெளியே ஊறுகிறது, பின்னர் உப்பைக் கரைத்துக்கொண்டு அந்நீரே மீண்டும் உள்ளே ஊறுகிறது. ஆங்கிலச் சொல் செய்யாத விளக்கத்தைத் தமிழ்ச்சொல் செய்துவிடுகிறது. ஊறவைத்த இறைச்சியை ஊறுகறி என்க. கறி என்பதே பழந்தமிழில் மிளகின் பெயர்; மிளகிட்டு ஆக்கியது கறியாயிற்று; அச்சொல்லை ஆங்கிலேயன் எடுத்துச்சென்று உலகெங்கும் பரப்பினான்.

ஓவன் என்பதற்குச் சொல் தேடி மலைக்க வேண்டுவதில்லை. ஈழத்தமிழர் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற போறணை என்னும் சொல்லை நெடுங்காலம் வழங்கினர். பின்னர் அவர்களே விழித்து, வெதுப்பு என்னும் தமிழ் வேரிலிருந்து வெதுப்பகம் என்று ரொட்டிச்சாலைக்குப் பெயரிட்டனர். அவ்வழியே ஓவனை வெதுப்படுப்பு என்னலாம். புதுச்சொல் நாவில் நிற்குமா என்று ஐயுறுவோர் மிளகாயை எண்ணுக. அது அமெரிக்காவில் தோன்றி, போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய அயற்காய். தமிழ்க்குடியானவள் அதன் அயற்பெயரைக் கேட்டு நிற்கவில்லை. மிளகுபோற் காரமாயிருந்தது, காயாயிருந்தது, மிளகாய் என்றாள். உருண்டிருந்த கிழங்கை உருளைக்கிழங்கு என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு இருந்த துணிவு, பட்டம் பெற்ற அவள் பெயரனுக்கு இல்லாமற் போயிற்று!

பெயரை அறியாமற் சமைப்பவன் கறியையும் கெடுப்பான் என்பதற்குக் கோவாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்த்துக்கீசியர் திராட்சைக் கள்ளிலும் வெள்ளைப் பூண்டிலும் பன்றியிறைச்சியை ஊறவைத்து ஆக்கினர். அப்பெயர் திரிந்து விண்டாலு ஆயிற்று. பூண்டைக் குறித்த அதன் கடைச்சீரை இந்திக்காரர் தம் உருளைக்கிழங்கின் பெயரென்று எண்ணிக்கொண்டதால், இன்று பல உணவகங்களில் அதனுட் கிழங்கு மிதக்கிறது.

தமிழிற் சொன்னாற் சமையல் நடக்குமா என்றார்க்கு விடை இதோ. பன்றியின் தோள்கறி இரண்டு கிலோ, மேலே ஒரு விரற்கடைக் கொழுப்போடு வாங்குக. கொழுப்பை நீக்கிவிடச் சொல்லும் கடைக்காரன் பேச்சைக் கேளற்க. சாறு அதிலேதான் இருக்கிறது. கொழுப்பின் மேற்புறத்தைக் கட்டங்கட்டமாகக் கீறி, கிலோவிற்குப் பதினைந்து கிராம் வீதம் உப்பைத் தேய்த்து ஒரு மணிநேரம் வைக்க. பிறகு மிளகு, சீரகம், மல்லி ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, இஞ்சி, பூண்டு, சிறிய வெங்காயம், மஞ்சள் சேர்த்து அரைத்து, நல்லெண்ணெயும் சிறிது தேனும் குழைத்துப் பூசி, குளிர்பெட்டியில் ஓரிரவு ஊறவைக்க. புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பதாயின் கடைசி ஒரு மணிநேரத்திற் சேர்த்தாற் போதும். நெடுநேரம் புளிப்பில் ஊறினால் மேற்தசை மாவாய்க் குழைந்துவிடும். அரைப்பின் மணம் மேலே சில நூலளவே ஏறும். உள்வரை செல்வது உப்பு ஒன்றே. ஆகலின் உப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

மறுநாள் வெளியில் எடுத்து ஒரு மணிநேரம் குளிர் தணியவிட்டு, ஆழமான தட்டில் வைத்து, வாழையிலையால் மூடி, அதன்மேல் இறுக்கமாக மூடியிட்டு, 150 பாகை செல்சியசு வெப்பத்தில் வெதுப்படுப்பில் மூன்று மணிநேரம் விடுக. தோள்தசை நார்மிக்கது, அந்நார் மெல்லிய வெப்பத்தில் நெடுநேரம் இருந்தாற்றான் கரைந்து பசையாகித் தசைக்குள் தங்கும். விரைவுபடுத்தினால் நீர் வடிந்து நார் மிஞ்சும். முள்ளை நுழைத்தால் தடையின்றி இறங்கவேண்டும். அந்நிலையில் உட்பகுதி 90 பாகையை எட்டியிருக்கும். நாடாப்புழுவைப் பற்றிய அச்சத்திற்கும் அங்கே இடமில்லை. பின்னர் மூடியை எடுத்து, 220 பாகையில் கால் மணிநேரம் மேற்புறம் முறுகவிடுக. இறக்கியவுடன் வெட்டற்க. இருபது மணித்துளி ஆறவிட்டால், வெப்பத்தில் இளகிய சாறு தசைக்குள் அமைந்துவிடும். உடனே வெட்டினால் அது பலகைக்குப் போகும், வாய்க்கு வராது. தட்டின் அடியில் தேங்கிய நெய்ப்பையும் சாற்றையும் வீணாக்காமற் சோற்றிற் பிசைந்து உண்க.

இதில் எந்த இடத்தில் தமிழ் தடுக்கிற்று? எந்த இடத்தில் ஆங்கிலச் சொல் வராமல் அடுப்பு அணைந்தது? சமையற் கல்லூரிகளில் மூன்றாண்டு பயிலும் மாணவர்க்கு இவ்வளவையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்விக்கின்றனர். அவர் வீட்டிற்கு வந்து தாயிடம் இதை எடுத்துச் சொல்ல இயலாமல் விழிக்கிறார். தாயோ மஞ்சள் பூசி, உப்பிட்டு, மிளகரைத்து ஊறவைப்பதை எந்தக் கல்லூரிக்கும் போகாமல் ஐம்பது ஆண்டாகச் செய்து வருகிறாள். இருவர்க்கும் இடையே நிற்கும் சுவர் அறிவன்று, மொழி. தேவநேயப் பாவாணர் 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத்தமிழ் மாநாட்டிற் பேசிய சில நாளில் அந்நகரிலேயே உயிர்நீத்தார். சொல்லொவ்வொன்றின் வேரையும் தோண்டித் தந்த அம்மூதறிஞர் மூச்சு அடங்கிய ஊரில், உணவுப்பட்டியலை எழுதத் தமிழ்ச்சொல் இல்லை என்கின்றனர்!

தமிழ்நாட்டிற் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாய் இருத்தல் வேண்டும் என்று விதி உண்டு. அது வாயிற்பலகையோடு நின்றுவிடுகிறது; உள்ளே உணவுப்பட்டியல் வரையில் வருவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள தமிழன்பர்கள், திருமங்கலத்திலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும் உள்ளோர், உணவகத்திற் சென்று அமரும்போது பட்டியலைக் கையில் வாங்கியவுடன், "தமிழ்ப் பட்டியல் கொடுங்கள்" என்று கேட்பாராக. இல்லையென்றால் சினவாமல், "எனில் வாயாற் சொல்கிறேன், ஊறவைத்துச் சுட்ட பன்றிக்கறி ஒரு தட்டு" என்று அடுத்த மேசைக்கும் கேட்கும்படி சொல்வாராக. தகரக் கொட்டகையில் வாங்குவோர் மருந்தென்று பொய் சொல்லாமல், கறுப்புப் பை கேளாமல், வெட்டுபவரை 'அண்ணே' என்றழைத்து, கையிற் கொண்டுபோன தூக்குவாளியில் வாங்கி, தெருவழியே நடந்து வருவாராக.

உணவக முதலாளியர் எவரேனும் பட்டியலைத் தமிழில் அச்சிட முன்வருவாராயின், அச்சுக்கோப்பவர்க்கு ஒரு சொல்: பன்றி என்பதில் வருவது றன்னகரம், டண்ணகரம் இட்டுப் 'பண்றி' ஆக்கிவிடற்க.